ஃபிரேமில் பேக் பட்டன் வேலை செய்யாதாம்!

தறிநூல்:
"ஃபிரேம் வைத்தால் பேக் பட்டன் செத்துவிடும்" என்று கீற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஃபிரேம் என்றால் பிரவுசர் சாளரத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தனிப் பக்கம் காட்டுவது. அதில் பேக் செத்தது நெட்ஸ்கேப் 2 என்ற பழைய பிரவுசர் காலத்துக் கதை. பேக் அழுத்தினால், ஃபிரேம்களைச் சேர்த்துவைத்த ஃபிரேம்செட்டை விட்டே வெளியே தள்ளிவிடும். 1996-இலேயே, நெட்ஸ்கேப் 3-இல், சரிசெய்துவிட்டார்கள். தீர்ந்த நோய்க்கு இன்னும் எத்தனை காலம் மருந்து விற்பீர்கள்?

கீற்று:
பேக் இருக்கட்டும். இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் பாடம் என்று ஒரு தளம். ஐந்தாம் பாடத்தைத் திறந்துவிட்டு மேலே பாருங்கள், முகப்பின் முகவரியேதான் இருக்கும். அதை நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு முகப்புதான் திறக்கும். தேடுபொறியில் தேடி வருகிறவருக்கோ மெனுவே இல்லாத மொட்டைப் பக்கம்.

தறிநூல்:
பார்த்தீர்களா, பேக் பட்டனுக்குப் பதில் இல்லாததால் முகவரிக்குத் தாவிவிட்டார். நெட்ஸ்கேப் 3. மூன்று! மொட்டைப் பக்கத்துக்கு நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும், ஃபிரேம்செட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்.

ஓரப்பட்டி:
அந்த நாலு வரியால்தான் பேக் மறுபடி கெடுகிறது. பேக் அழுத்தினால் மொட்டைப் பக்கம், அங்கிருந்து மறுபடி ஃபிரேம்செட். செக்குமாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான்.

தறிநூல்:
லொக்கேஷன் ரீப்ளேஸ் என்ற கட்டளை போட்டால் மொட்டைப் பக்கம் பிரவுசரின் ஹிஸ்டரியில் ஏறாது. இதுகூடத் தெரியாமல் வந்துவிடுகிறார். முன்பு டேபிள் பற்றி நடந்த விவாதத்திலும் இப்படித்தான், அரைகுறையாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

ஓரப்பட்டி:
நான் எங்கேயும் ஓடவில்லை. உங்கள் தளத்தில் வெளி இணைப்பை அழுத்தினால் அடுத்தவர் தளம் உங்கள் மெனுவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறதே, முழுச் சாளரத்தில் திறக்கச் சொல்லி இணைப்பின் டார்கெட்டில் டாப் போட மறந்தது யார்? முதலில் அதைப் பாருங்கள்.

வெள்ளெழுத்து:
வலைப்பக்க மொழியின் புதிய பதிப்பான எச்டிஎம்எல்5 வந்தபோதே, 2014-இல், ஃபிரேம்செட்டைக் கழித்துவிட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் இன்னொன்றைப் பெட்டியாக வைக்கும் ஐஃபிரேம் மட்டும்தான் மிச்சம். மெனு ஒரே கோப்பில் இருக்க, அதை எல்லாப் பக்கத்திலும் சேர்த்து அனுப்பும் சர்வர் இன்க்ளூட் இருக்கிறது; உருட்டும்போது நகராமல் நிற்க, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது. ஜாவா நிரல்களுக்கு விளக்கப் பக்கங்கள் உருவாக்கும் ஜாவாடாக்கே, ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே 13-இல் ஃபிரேமை எடுத்துவிட்டது.

தறிநூல்:
எடுத்தது பேக் பட்டனாலா? சொல்லுங்கள். பழைய ஜாவாடாக்கில் இடப்பக்கம் மேலே பேக்கேஜ்கள் என்ற தொகுப்புகள், கீழே அவற்றில் உள்ள கிளாஸ்கள் என்ற நிரல் கூறுகள், வலப்பக்கம் விளக்கம். ஆயிரக்கணக்கான கிளாஸ்கள் உள்ள பட்டியலைப் பாதிவரை உருட்டி ஒன்றைத் திறந்தாலும் பட்டியல் அசையாமல் அதே இடத்தில் நிற்கும். உங்கள் இன்க்ளூடில் ஒவ்வொரு கிளிக்குக்கும் பட்டியல் மறுபடி உச்சிக்கு ஓடிவிடும், திரும்ப முதலிலிருந்து உருட்ட வேண்டும். தினமும் அதில் வேலை பார்த்தவனுக்குத்தான் இந்த அருமை தெரியும்.

வெள்ளெழுத்து:
பட்டியல் எந்த உயரத்தில் நின்றது என்று ஸ்கிரிப்ட்டில் சேமித்து வைத்துக்கொள்ளலாமே.

தறிநூல்:
ஓ, நான் ஸ்கிரிப்ட் போட்டால் ஒட்டுவேலை, நீங்கள் போட்டால் தீர்வா? நல்ல நியாயம்.

கீற்று:
ஐந்தாம் பாடத்தின் முகவரியைக் கேட்டேன். இன்னும் வரவில்லை.

தறிநூல்:
நெட்ஸ்கேப் 3 பற்றி நானும்தான் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஓரப்பட்டி:
சரி, அந்த டார்கெட்டைத் திருத்தியாகிவிட்டதா?