போலீஸ் உள்ள வரும்போது கையில போன் இருந்தா என்ன ஆகும்

அமெரிக்கால படிச்சுட்டு இருந்தப்போ நடந்தது. மத்தியானம் லேப்ல நாலு பேர் இருக்கோம், எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுது, கேம்பஸ்ல துப்பாக்கியோட ஒருத்தன் சுத்துறான், ஓட முடிஞ்சா ஓடு இல்லன்னா ஒளிஞ்சுக்கோன்னு. எங்க கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. கதவு தானா மூடுறதுக்கு மேல மடங்குற மாதிரி ஒரு இரும்புக் கை இருக்கும்ல, சீனியர் ஒருத்தர் பெல்ட்ட கழட்டி அதுல இறுக்கி சுத்திட்டார். எனக்கெல்லாம் அந்த யோசனை வந்தே இருக்காது.

ஒன்றரை மணி நேரம் இருட்டுல உக்காந்திருந்தோம். அப்புறம் வெளிய தட்டி போலீஸ்னு கத்துறாங்க. நிஜமாவே போலீஸா? 911க்கு போன் போட்டு கிசுகிசுன்னு கேட்டு உறுதி பண்ணிட்டுதான் திறந்தோம். திறந்ததும் மூணு ரைஃபிள், கண்ணு கூசுற லைட்டு, கைய காட்டு கைய காட்டுன்னு ஒரே சத்தம். நான் அம்மாவுக்கு "ஒண்ணுமில்லம்மா"ன்னு டைப் பண்ணிட்டு இருந்தவன், போன் கையிலயே இருக்கு. கீழ போடுன்னு கத்தின கத்துல போட்டேன், ஸ்கிரீன் தூள். தலைல கைய வச்சு வரிசையா நடக்கவிட்டு, ஒவ்வொருத்தரையா தடவி சோதிச்சாங்க. கடைசில எவனோ பொய்யா போன் பண்ணிருக்கான். எனக்கு ரொம்ப நாள் கோவம் போகல, நாங்க என்ன குற்றவாளியா?

---

அவங்களுக்கு யார் சுடுறவன்னு தெரியாதே ப்ரோ, கருப்பா கையில எது இருந்தாலும் அது துப்பாக்கிதான். நான் நர்ஸ், எங்க ஆஸ்பத்திரில டிரில் வச்சப்போ அடிபட்டவளா நடிச்சேன், பொய் ரத்தமெல்லாம் பூசிட்டு. போலீஸ் வந்ததும் ஒருத்தர் பேண்ட்ட பிடிச்சு காப்பாத்துங்கன்னேன், உதறிட்டு என்னைத் தாண்டி போயிட்டே இருந்தார். டிரில்னு தெரிஞ்சும் அழுதுட்டேன். அப்புறம்தான் சொன்னாங்க, முதல்ல வர்றவங்க வேலை சுடுறவன நிறுத்துறது மட்டும்தான், அடிபட்டவங்கள தூக்க பின்னாடி வேற டீம் வரும்.

1999ல அமெரிக்கால கொலம்பைன் ஸ்கூல்ல துப்பாக்கிச்சூடு நடந்தப்போ போலீஸ் வெளிய சுத்தி வளைச்சுட்டு ஸ்வாட்ங்கிற அதிரடிப்படை டீமுக்காக காத்திருந்தாங்க, ஒருத்தர் ரத்தம் போயி சாகுறார்னு ஜன்னல்ல எழுதி வச்சும் அந்த வாத்தியார காப்பாத்த முடியல. அதுக்கப்புறம்தான் முதல்ல வர்ற ஆளே உள்ள போகணும்னு மாத்துனாங்க. மாத்தி என்ன, 2022ல உவால்டே ஸ்கூல்ல போலீஸ் தரப்புல 376 பேர் வந்து சேர்ந்தும் சுட்டவன நிறுத்த 77 நிமிஷம் ஆச்சு, 19 குழந்தைங்க, 2 டீச்சர் செத்துப் போனாங்க. அதுக்கு அடுத்த வருஷம் நாஷ்வில்ல போலீஸ் ஸ்கூலுக்குள்ள நுழைஞ்ச சில நிமிஷத்துலயே சுட்டவர முடிச்சாங்க, அங்கயும் 6 உயிர் போச்சு. என்னைத் தாண்டிப் போனவர் மேல இப்ப கோவம் இல்ல.

அந்த பெல்ட் சீனியர் என்ன ஆனார்?

---

அத ஏன் கேக்குறீங்க. கதவத் திறக்க பெல்ட்ட அவுத்து கீழ போட்டவர் எடுக்கவே இல்ல, ரெண்டு கையும் தலை மேல, பேண்ட் நழுவுது, ஏத்திவிட கைய இறக்க பயம். பார்க்கிங் வரைக்கும் கால அகட்டி அகட்டியே நடந்தார்.