புதுப்பிப்பு: பிக்கப் ரோல் கேஜ், கூரையோர வெல்டிங்

பிக்கப்பில் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பைப் கூண்டு) வைக்கும்போது கூரைக்கும் பைப்புக்கும் நடுவில் வெல்டிங் டார்ச் நுழையவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கூரையை வெட்டாதே, தரையில் துளை போடு என்றதுதான் பலித்தது. பைப் 1¾ அங்குலம், 3 மி.மீ. கனம். சேசிஸை ஒட்டி 3 அங்குலத் துளைகள். டாக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) வைத்த கேஜை அவற்றின் வழியே 10 செ.மீ. இறக்கினால் மேல்மூட்டைச் சுற்றி முழுசாக வெல்ட் பிடிக்கலாம். பிறகு தூக்கி, அதற்கப்புறமே சேசிஸ் பிராக்கெட். தரையோடு சேர்த்து வெல்ட் வைக்கவில்லை. கேபின் சேசிஸ்மேல் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்து அசையும், சேர்த்து வெல்ட் வைத்தால் தரைத் தகடு கிழியும். துளைக்கும் பைப்புக்கும் இடைவெளிக்கு ரப்பர் உறை.

எதிர்பாராதது: வெல்டிங் சூட்டில் மெயின் ஹூப் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுப் பைப்) கால்கள் 8 மி.மீ. உள்வாங்கின. இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு பைப்பை முதலிலேயே டாக் வையுங்கள்.

நாகர்கோவில் பக்கம் உப்புக்காற்று. வெட்டிய விளிம்புக்கு அன்றே ஜிங்க் பிரைமர் (துரு தடுக்கும் பூச்சு). ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதால் தலைப்பக்கப் பைப்புக்கு கெட்டியான பேடிங் கட்டாயம்.