நோயின் பேரை எழுதாமல் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வாங்க முடியுமா?

காவிரிக்கரை:
நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். தாய், தகப்பன் இருவரும் எய்ட்ஸில் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அம்மாயி (தாயின் அம்மா) வீட்டில். பெண்ணுக்கு 13 வயது, எச்.ஐ.வி நெகட்டிவ். பையனுக்கு 6 வயது, 17 கிலோ, எச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிடுகிறான். அம்மாயிக்கு நூறு நாள் வேலைக் கூலிதான். மனு போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று எங்கும் வர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

மனுக்காரன்:
மனுவில் நோயின் பேரே வர வேண்டாம். 'பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை' என்பதே மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் திட்டத்தில் நிதி ஆதரவு கேட்கப் போதும். பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமம் என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மனு கொடுக்குமிடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இரண்டு இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, படிப்புச் சான்று, பாஸ்புக் நகல் எடுத்துப்போங்கள்.

அம்மாயி பயப்படுவது இறப்புச் சான்றுக்காக இருக்கும். அதை ஒருமுறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சாவுக்கான காரணம் அதில் அச்சாவதில்லை, சட்டமே அப்படி.

மனு மாட்டிக்கொள்வது பேரில்தான். தாயின் பேர் இறப்புச் சான்றில் 'செல்வி', பிள்ளையின் பிறப்புச் சான்றில் 'தமிழ்ச்செல்வி' என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். சாவைப் பதியாமல் ஓராண்டு தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். இழுக்கிற வேலை அது, அதிலிருந்து தொடங்குங்கள்.

1097:
நோயைச் சொல்லியே வாங்கும் உதவி ஒன்றும் உண்டு. எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழக அரசு 2009-இல் 5 கோடி ரூபாய் வைப்பு நிதியுடன் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. வட்டியிலிருந்து படிப்புக்கும் ஊட்டச்சத்துக்கும் கொடுக்கிறார்கள். ஏ.ஆர்.டி மைய ஆலோசகரிடமே கேளுங்கள். பையனின் விவரம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, புதிதாக யார் காதுக்கும் போகாது. நெகட்டிவ் என்று பெண்ணை விட்டுவிடாதீர்கள், அவளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அம்மாயிக்கு முடியாமல் போனால்? 2017 எச்.ஐ.வி சட்டத்தின் 32-ஆம் பிரிவு, குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிற, விவரம் தெரிந்த, 12 வயது நிரம்பிய அக்காவையே தம்பிக்குக் காப்பாளராக ஏற்கிறது. பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் செல்லும். பல வங்கிகளில் இது தெரியாது. பிரிவின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

காவிரிக்கரை:
நன்றி. பள்ளியில் சொல்லியாக வேண்டுமா? மாத்திரையைப் பையன் துப்பிவிடுகிறான்.

மருந்தகம்:
சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தெரிந்து ஒதுக்கினால் அதே எச்.ஐ.வி சட்டப்படி மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், 30 நாளில் உத்தரவு வர வேண்டும்.

மாத்திரை 10 மில்லிகிராம் டோலுடெகிராவிர் கரையும் மாத்திரைதானா என்று அட்டையைப் பாருங்கள். 14 முதல் 20 கிலோவுக்குள் தினம் இரண்டரை மாத்திரை. சிறு டம்ளரில் 10–20 மில்லி தண்ணீரில் கலக்கி அரை மணிக்குள் குடிக்க வைக்க வேண்டும். அடியில் வண்டல் தங்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுக்காவிட்டால் மருந்தில் ஒரு பங்கு டம்ளரோடு போய்விடும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை இதோடு வெறும் வயிற்றில் போடக்கூடாது, மருந்து உடலில் சரியாகச் சேராது.

20 கிலோவைத் தொட்டதும் 50 மில்லிகிராம் ஒரே மாத்திரைக்கு மாற்றுவார்கள். பையன் போகாமல் அம்மாயி மட்டும் மருந்து வாங்கி வந்தால் எடை பார்க்க மாட்டார்கள், பழைய அளவே ஓடிக்கொண்டிருக்கும்.