புதுப்பிப்பு: காவேரிப்பட்டணம் வீட்டுப் பெருச்சாளித் தொல்லை

காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் பெருச்சாளி வளை தோண்டி வாசல் தளமே உள்வாங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, இப்போது ஓரளவு அடங்கிவிட்டது. எலி பேஸ்ட் வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் வைக்கவில்லை. அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே கெடுத்துவிடும், முறிமருந்தும் கிடையாது, வீட்டில் குழந்தை வேறு இருக்கிறது, அப்புறம் பெருச்சாளி வளைக்குள் செத்துக் கிடந்தால் அந்த நாற்றத்தை யார் தாங்குவது? கூண்டில் கருவாடு வைத்ததில் சில சிக்கின. உண்மையில் கைகொடுத்தது கம்பிவலைதான்: சுவரோரம் இரண்டடி பள்ளம் எடுத்து, வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம், சாக்கடைக் குழாய் வாய்க்கும் சல்லடை மூடி போட்டாயிற்று. உதிர்ந்த மாம்பழங்களைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிடுகிறோம், பெருச்சாளி இரவில்தானே மேய வரும். பக்கத்துக் காலி மனையில் இன்னும் புது மண்மேடு தெரிகிறது, மனைக்காரர் போனை எடுப்பதாக இல்லை.