புதுப்பிப்பு: எறிந்தவுடன் மூக்கைத் தூக்கும் பயிற்சி விமானம்

கையால் எறிந்தவுடன் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து, ஒரு பக்கமாகச் சரிந்துவிடும் ரிமோட்டில் இயக்கும் என் சிறிய தெர்மாகோல் பயிற்சி விமானத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன்; மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரைச் சற்றுக் கீழே திருப்புமாறு சிலரும், விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியான எடைமையத்தைச் சரிபார்க்குமாறு பலரும் அறிவுறுத்தினீர்கள்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் முன்பின் அகலத்தின் 40 விழுக்காட்டில் இருந்த எடைமையத்தை, லித்தியம் பாலிமர் பேட்டரியை முன்னே நகர்த்தி, 28 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தேன். செவ்வக இறக்கைக்கு 25 முதல் 33 வரை நல்ல எல்லை. மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டியிராதது பெரும் நிம்மதி, ஏனெனில் கூடும் ஒவ்வொரு கிராமும் விமானம் தூக்குவிசையை இழக்கும் வேகத்தை உயர்த்திவிடும்.

இப்போது பாதி த்ராட்டிலில் (மோட்டார் விசையில்) அழகாக நேரே பறக்கிறது. முழு த்ராட்டிலில் மட்டும் மூக்கு இன்னும் சற்று எழுவதால், மோட்டார் தாங்கியின் மேற்பக்கத் திருகுகளில், தாங்கிக்குப் பின்னால் வாஷர் வைத்து, அச்சை இரண்டு பாகை கீழ்நோக்கிச் சாய்த்திருக்கிறேன். காற்று அடங்கிய ஒரு காலையில் அதையும் சோதிப்பேன்.