சட்டகமில்லாத முதுகுப்பை: காவிரிக் கரைக்கும் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்கும் ஒரே பை போதுமா?

குடந்தை நடையன்:

வரும் தை மாதத்தில் கல்லணையில் தொடங்கி, காவிரிக் கரையோடு பூம்புகார் வரை நடந்து செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஊர் ஊராகத் தங்கி, நாளொன்றுக்கு இருபது கி.மீ. வீதம் ஏழு நாட்கள் நடப்பதாகத் திட்டம். இது எனக்கு ஒரு பயிற்சி. அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை 4,265 கி.மீ. நீளும் பசிபிக் கிரெஸ்ட் பாதையை ஒரே பருவத்தில் நடந்து முடிக்க வேண்டும் என்பதே நெடுநாள் ஆசை.

என்னிடமுள்ள பழைய முதுகுப்பை வெறுமையாகவே 2.1 கிலோ எடையுள்ளது. அதற்கு மாற்றாக 40 லிட்டர் கொள்ளளவும் 450 கிராம் எடையும் உள்ள ஓர் அல்ட்ராலைட் (மிகக் குறைந்த எடையுள்ள) பையைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் சட்டகம், அதாவது பையை விறைப்பாக நிறுத்தும் அலுமினியக் கம்பியோ முதுகுத் தகடோ, கிடையாது. துணியும் வார்களும் மட்டுமே. விலையோ என் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும் என்பதால், இரண்டு பயணங்களுக்கும் இந்த ஒரே பை உதவுமா என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க விரும்புகிறேன்.

வெண்ணாற்றங்கரை:

தயங்காமல் வாங்குங்கள். இமயமலைப் பக்கம் நான்கு முறை சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு கிலோ எடையுள்ள பையைச் சுமப்பவர், வீட்டை விட்டுப் புறப்படும்போதே இரண்டு லிட்டர் தண்ணீரை வீணாகச் சுமக்கிறார். பையின் எடை குறைந்தால் உள்ளே வைக்கும் பொருளும் தானாகக் குறையும், ஏனெனில் பெரிய பையில் இடமிருப்பதைக் கண்டால் எதையாவது திணிக்காமல் இருக்க நம் மக்களுக்கு மனம் வராது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கும் சமயபுரத்துக்கும் நடக்கவில்லையா? இருமுடிக்கு எந்தச் சட்டகம் இருக்கிறது?

மாயூரத்தார்:

வெண்ணாற்றங்கரையின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இருமுடியை எடுத்துக்காட்டியது பொருந்தவில்லை. இருமுடி தலையில் ஏறுகிறது. சுமை முதுகெலும்பின் வழியாக நேராகக் கீழே இறங்குகிறது. முதுகுப்பையின் சுமையோ முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, நம்மைப் பின்னோக்கி இழுக்கிறது.

நான் முதுகுவலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் தொழிலில் இருப்பவன். இடுப்புவாரை இறுக்கிக் கட்டினால் சுமை இடுப்பெலும்புக்குப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சட்டகம் உள்ள பையில்தான் உண்மை. தோள்வார் தைக்கப்பட்ட இடத்துக்கும் இடுப்புவார் தைக்கப்பட்ட இடத்துக்கும் இடையே விறைப்பான ஒன்று நின்றால்தான், மேலே உள்ள எடையை இடுப்பு தாங்க முடியும். இடையில் வெறும் துணி இருந்தால் அது மடங்கும். மடங்கியதும் பையின் முதுகு நீளம் சுருங்கி, எடை முழுவதும் தோளுக்குத் திரும்பிவிடும். வாரை இறுக்க இறுக்க வயிறு வலிக்குமே தவிரத் தோளுக்கு விடுதலை கிடைக்காது. நடப்பவர்களிடையே பொதுவாக வழங்கும் கணக்குப்படி, மொத்தச் சுமை 9 கிலோவைத் தாண்டினால் சட்டகமில்லாத பை தோளை வருத்தத் தொடங்கும்.

இன்னொன்று, நம் ஊர்ப் புழுக்கம். சட்டகமில்லாத பை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வளைந்த சட்டகத்தில் வலையை இழுத்துக் கட்டிய பைகள் 1.2 கிலோ அளவில் கிடைக்கின்றன. அவற்றில் முதுகுக்கும் பைக்கும் இடையே காற்று போகும்.

வெண்ணாற்றங்கரை:

வியர்வைக்கு முக்கால் கிலோ கூடுதலாகச் சுமப்பதைவிட ஒரு துண்டு எடுத்துக்கொள்வேன். நம் பக்கத்தில் எந்தப் பையை மாட்டினாலும் சட்டை நனையத்தான் போகிறது.

மடங்குவதைப் பற்றி மாயூரத்தார் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. விரித்த கோரைப்பாயை நிறுத்திப் பாருங்கள், நிற்காது. அதையே சுருட்டி நிறுத்தினால் தூண் போல நிற்கும். சட்டகமில்லாத பையைக் கட்டும் முறையும் அதுதான். படுப்பதற்கான ஃபோம் பாயைச் சுருளாக்கிப் பைக்குள் செருகி, உள்ளே விரியவிட்டு, அந்தக் குழாய்க்குள் மற்ற பொருள்களை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். இல்லையென்றால் பாயை மடித்து முதுகுப் பக்கமாக வைக்கலாம். முழுநீளப் பாய் ஏறக்குறைய 400 கிராம். எப்படியும் படுக்கச் சுமக்க வேண்டியதே பகலில் சட்டகமாகவும் வேலை செய்கிறது.

இது இன்று நேற்றுத் தோன்றிய கிறுக்கும் அல்ல. எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955-இல், தம் 67-ஆம் வயதில், அமெரிக்காவில் 3,000 கி.மீ.க்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். அவர் சுமந்தது தாமே தைத்த ஒரு துணி மூட்டை. அதையும் ஒரு தோளில் மட்டும் போட்டுக்கொண்டார். பிறகு 1990-களில் ரே ஜார்டின் என்பவர், குடந்தை நடையன் போக விரும்பும் அதே பசிபிக் கிரெஸ்ட் பாதையில், தாம் தைத்த சட்டகமில்லாத பையோடு நடந்து இந்த முறையைப் பரப்பினார்.

மாயூரத்தார்:

கேட்வுட் அம்மையாரை அழைத்து வந்தது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அவரிடம் கூடாரம் இல்லை, தூக்கப்பை இல்லை. ஒரு கம்பளியும், மழைக்குக் குளியலறைத் திரைச்சீலையும் இருந்தன. வழியிலிருந்த வீடுகளில் இடம் கேட்டும் தங்கினார். அவ்வளவு குறைவாகச் சுமப்பவருக்குக் கோணிப்பையும் போதும். அவருடைய பையை விரும்புகிறவர் அவருடைய மூட்டைக்குள் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? ஜார்டினும் முதலில் பொருள்களைக் குறைத்தார். அதனால்தான் அந்தப் பை அவருக்குப் போதுமானதாயிற்று. இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. தம்பி பையை முடிவு செய்துவிட்டார். உள்ளே என்ன வைக்கப் போகிறார் என்று இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

குடந்தை நடையன்:

ஐயா கேட்டது நியாயம். நேற்றிரவு மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். பை 450 கிராம், மாற்றுடைகள் 900, போர்வையும் கொசுவலையும் 800, கைப்பேசியும் மின்னேற்றிகளும் 500, மருந்து சோப்பு முதலியன 450, மழையங்கி 300. ஆக 3.4 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீரைச் சேர்த்தால் 5.4 கிலோ. சாப்பாட்டைச் சுமக்கத் தேவையில்லை. கரையோரச் சாலையில் சிறிது தொலைவு போனால் ஒரு தேநீர்க் கடை வந்துவிடும். மடங்களிலும் விடுதிகளிலும் தங்குவதால் பாயும் வேண்டாம். 9 கிலோவுக்கு இன்னும் வெகு தூரம் இருப்பதால், வாங்கிவிடலாம் என்றே தோன்றுகிறது.

கொள்முதல் நிலையத்தான்:

இந்த விவாதத்தில் எனக்கு இடமில்லை என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். முதுகுப்பை மாட்டி மலையேறியவன் அல்ல நான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பல ஆண்டுகள் 40 கிலோ சிப்பங்களைத் தூக்கி லாரியில் ஏற்றியவன். ஆனால் தம்பி எழுதிய கணக்கைப் பார்த்ததும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிறையப் பிடித்து வாய் தைத்த சிப்பம் தோளில் ஏறினால் கட்டை போலக் கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறலாம். அதே சாக்கில் பாதி நெல்லைக் கொட்டி வாயைக் கட்டிக் கொடுங்கள். எடை பாதிதான், ஆனால் படாத பாடு படுத்தும். நெல் ஒரு பக்கம் ஓடும், சாக்கு கழுத்தைச் சுற்றித் தொங்கும், ஒவ்வோர் அடிக்கும் இழுக்கும். பழகிய ஆள் அரைச் சாக்கைத் தூக்குவதற்கு முன் மிச்சத் துணியைச் சுருட்டி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தோளுக்கு ஏற்றுவார்.

தம்பியின் பொருள்கள் 40 லிட்டர் பையில் பாதியைக்கூட நிரப்பாது. பாயும் இல்லை என்கிறார். அப்படியானால் உள்ளே சுருளும் இல்லை, நிறைவும் இல்லை. எடை குறைவு என்பதற்காக மட்டும் பை முதுகில் நிற்காது.

மாயூரத்தார்:

பெரியவர் சொன்னதைத்தான் நான் இரண்டு பத்தியில் சொல்லத் தவறியிருக்கிறேன்.

இனி அடுத்த பயணமான பசிபிக் கிரெஸ்ட் பாதையின் கணக்கையும் பார்ப்போம். கூடாரம், தூக்கப்பை, குளிருடை எல்லாம் சேர்த்து அடிப்படை எடையை (உணவும் தண்ணீரும் நீங்கலான எடையை) 4.5 கிலோவுக்குள் அடக்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம்; அல்ட்ராலைட் என்று சொல்லிக்கொள்ள அதுதான் எல்லை. அந்தப் பாதை கடந்து செல்லும் சியரா நெவாடா மலைப்பகுதியில் பல இடங்களில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டியான உருளைப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெரிய பெட்டி ஒன்று ஏறக்குறைய 1.2 கிலோ. நாளுக்கு 750 கிராம் வீதம் ஆறு நாள் உணவு 4.5 கிலோ, தண்ணீர் 2 கிலோ. மொத்தம் 12.2 கிலோ. அந்த உருளையோ வளையாது. சட்டகமில்லாத பையில் அதன் விளிம்பு முதுகெலும்பில் நேராகக் குத்தும். தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பகுதியில் 30 கி.மீ.க்கு மேல் தண்ணீரே இல்லாத இடங்கள் உள்ளன. அங்கே தண்ணீர் மட்டுமே ஐந்து கிலோ ஆகும். ஆற்றங்கரையில் பிறந்த நமக்கு அது உறைப்பதில்லை.

ஆக, இந்தப் பை காவிரிக் கரைக்குப் பெரிது, சியராவுக்கு மெலிது.

வெண்ணாற்றங்கரை:

கடைசி வரி அழகாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. காவிரிக் கரைக்கு 40 லிட்டர் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவரின் அரைச் சாக்குக்கு என்னிடம் பதில் இல்லை. என் பயணங்களில் எப்போதும் பாய் உள்ளே இருந்ததால் அந்தத் தொல்லை எனக்குத் தெரியாமல் போயிற்று.

சியராவைப் பற்றி மட்டும் விடமாட்டேன். உணவு என்பது நாளுக்கு நாள் கரையும் சுமை. 12.2 கிலோவோடு புறப்படுபவர் நான்கு நாள் சாப்பிட்ட பின் 9.2 கிலோவில் இருப்பார். கரடிப் பெட்டி கட்டாயமாக இருப்பதும் முழுப் பாதையில் ஒரு பகுதியில்தான். அந்தச் சில நாட்களின் தோள்வலிக்காக நாலாயிரம் கி.மீ.யும் கம்பியைச் சுமப்பதா? அலுமினியக் கம்பியைக் கழற்றி மாட்டும்படி செய்த பைகளும் உண்டு. சியராவுக்கு மாட்டிக்கொண்டு, முடிந்ததும் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மாயூரத்தார்:

கழற்றி மாட்டும் கம்பி என்பது சட்டகந்தான் ஐயா. நான் கேட்டதும் அதைத்தான்.

திருவாரூர் தையற்காரி:

இருவரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள்; தையலைப் பற்றி யாரும் பேசவில்லை. சட்டகமில்லாத பையில் இழுவை முழுவதும் தோள்வார் பிறக்கும் தையலில்தான் விழும். சென்ற ஆண்டு ஒருவர் இணையத்தில் வாங்கிய மெல்லிய பையைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தோள்வார் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. வாரின் முனையை ஒற்றைத் தையலில் விளிம்போடு சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் உள்ளே ஒரு பட்டைத் துணி வைத்து, பாலியஸ்டர் நூலால் நெருக்கமாக முன்னும் பின்னும் பலமுறை ஓட்டியிருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் இற்றுவிடும். பை வாங்குவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பி அந்த ஓர் இடத்தைப் பாருங்கள்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண நைலான் ஈரத்தில் சற்றுத் தளரும். டைனீமா என்னும் மிக வலுவான செயற்கை இழையைப் படலத்துக்குள் வைத்து ஒட்டிய துணி தண்ணீரைக் குடிக்காது, ஆனால் உரசலில் நைலான் நெசவைப் போல உழைக்காது, விலையும் யானை விலை. எந்தத் துணியானாலும் தையல் துளை வழியாகத் தண்ணீர் வரும் என்பதால், உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு அதற்குள் பொருள்களை வைப்பதே நல்லது.

காவிரிக் கரைக்கு 25 லிட்டரில் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள் தம்பி. வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடும்படி வைத்தால், பொருள் குறையும்போது இன்னும் இரண்டு சுற்றுச் சுருட்டி இறுக்கிக்கொள்ளலாம். பெரியவர் சொன்ன அரைச் சாக்குக்கு அதுவே வைத்தியம்.

குடந்தை நடையன்:

எல்லோருக்கும் நன்றி. 40 லிட்டர் பையை இப்போதைக்கு வாங்கவில்லை. தைப் பயணத்துக்கு அக்கா சொன்னபடி 25 லிட்டரில் தைக்கக் கொடுக்கிறேன். பெரிய பயணத்தைப் பொறுத்தவரை என் தோள் எவ்வளவு தாங்கும் என்பது எனக்கே தெரியாததால், நண்பர் ஒருவரின் சட்டகமில்லாத 40 லிட்டர் பையை இரவல் வாங்கி, பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு இன்று காலை சுவாமிமலை வரை நடந்து பார்த்தேன். பாதி வழியிலேயே தோள் எரியத் தொடங்கிவிட்டது. மாயூரத்தார் ஐயா வென்றுவிட்டதாகவே தோன்றுகிறது.

கொள்முதல் நிலையத்தான்:

அரிசியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் தம்பி. பத்துக் கிலோ அரிசி பையின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும், மேலே வெறும் துணி தொங்கியிருக்கும். எந்தப் பையானாலும் அப்படி இழுக்கத்தான் செய்யும். கனமானது முதுகை ஒட்டி நடுவில் நிற்க வேண்டும். அடியில் போர்வையை வைத்து, பாயைச் சுருளாக விட்டு, தண்ணீர்ப் புட்டிகளை நடுவில் அடுக்கி, இடுக்குகளில் துணியைத் திணித்து மறுபடி நடந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:

பெரியவரே, என் வழக்கை நீங்கள் வாதாடுகிறீர்கள்!

கொள்முதல் நிலையத்தான்:

நான் யார் பக்கமும் இல்லை ஐயா. மூட்டை சரியாகக் கட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

குடந்தை நடையன்:

ஞாயிற்றுக்கிழமை அதே பையைப் புட்டிகளோடும் பாயோடும் அடுக்கி, அதே சுவாமிமலைக்கு மறுபடி நடக்கிறேன். வழியில் எந்த இடத்தில் தோள் எரியத் தொடங்குகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.