ஓகஸ்டில பிள்ளையளோட திருமலை (திருகோணமலை): எதைப் பார்க்கிறது, எதை விடுறது?

ரொறன்ரோவாசி:
வணக்கம். ஓகஸ்ட் முதல் கிழமை குடும்பமா கனடாவில இருந்து வாறம். கொழும்பில இறங்கி வான் வண்டியில நேரே திருமலை. அங்க நாலு முழு நாள், பிறகு திரும்பக் கொழும்பு. மகளுக்கு 14, மகனுக்கு 9. அம்மாவுக்கு 72, முழங்கால் நோ, படி ஏறுறது கஷ்டம். பிள்ளையள் ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், ஆனா தடாகத்தில மட்டும்தான். தங்குறது உப்புவெளிப் பக்கம்.

பட்டியல் நீண்டு போச்சு: கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாத்தீவு (கடலுக்க முகம் போட்டுப் பவளப்பாறை பார்க்கிற தீவு), திமிங்கிலம், மாபிள் பீச், சிகிரியா, மின்னேரியா யானை, அரிசிமலை. எல்லாம் அடங்குமா? எதை வெட்டலாம்?

கொட்டியாரத்தான்:
அண்ணை, பட்டியலை இடத்தை வைச்சுப் பிரிக்காதேங்கோ, நேரத்தை வைச்சுப் பிரியுங்கோ. ஓகஸ்டில இங்க மழைப் பயமில்லை. பயம் கச்சான் காத்துக்குத்தான். தரைப்பக்கத்தில இருந்து வாற அந்தக் காய்ஞ்ச காத்து வெய்யில் ஏறினாப் பிறகு ஆளை வெளியில நிக்க விடாது. ஆனபடியால் கடல் எண்டால் விடியக்காலமை, மத்தியானம் அறை, கோயிலும் அது இருக்கிற கோட்டையும் பின்னேரம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், ஏலுமெண்டால் பக்கத்தில ஒரு சின்ன இடம், அவ்வளவுதான்.

கோணேசருக்கு மத்தியானம் போகவே கூடாது. உச்சிப் பூசையோட நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பினம். அதோட வெறுங்காலோட நடக்கிற இடம், கல்லு கொதிக்கும். நாலரை மணிபோல போங்கோ. அம்மாவை ஓட்டோவில கோயிலடி வரைக்கும் ஏத்தலாம். கடைசியில இருக்கிற படிக்கு ஒரு ஆள் கை குடுக்க வேணும். மற்ற ஆக்கள் கோட்டை வாசலில இறங்கி நடக்கிறதுதான் நல்லது, ஏனெண்டால் பார்க்க வேண்டியதில பாதி வழியிலதான் கிடக்கு. வாசல் நிலைக் கல்லில இரட்டைக் கயல் மீன் செதுக்கியிருக்கு, பக்கத்தில தமிழ்க் கல்வெட்டு. பழைய கோயிலை இடிச்ச போர்த்துக்கேயர் அந்தக் கல்லையே எடுத்து 1624இல கட்டின கோட்டை இது. ஓட்டோவில போற ஆக்கள் இந்தக் கல்லைத் தாண்டித்தான் போவினம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. 14 வயசுப் பிள்ளைக்கு நிண்டு காட்டுங்கோ. உள்ளுக்க இராணுவம் இருக்கு, அந்தக் கட்டிடங்களைப் படம் எடுக்க வேண்டாம், ட்ரோனை வீட்டில விட்டிட்டு வாங்கோ. மான்களுக்கு ஏதும் குடுக்கிறதெண்டால் பையோட நீட்டாதேங்கோ, பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். கோயிலுக்குப் பக்கத்தில இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவு. விளிம்பு செங்குத்து, சின்னவன்ர கையை விடாதேங்கோ.

கன்னியாவுக்கு முக்கால் மணித்தியாலம் போதும். ஏழு கிணறு, ஒவ்வொண்டிலயும் சூடு வேற வேற. இறங்கிக் குளிக்கிற இடமில்லை, வாளியால அள்ளி வாக்கிறதுதான். வெந்நீர் எண்டபடியால் ஓகஸ்ட் மத்தியானத்தில அது தண்டனை. காலமை ஏழு, எட்டு மணிக்குப் போங்கோ. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில தெற்குப் பக்க பஸ்ஸுகள் வந்து இறங்கினால் கிணத்தடியில கால் வைக்க இடமிராது.

திமிங்கிலத்தை வெட்டுங்கோ. கொட்டியாரக் குடாவுக்க கடலடிப் பள்ளத்தாக்கு ஒண்டு கரைக்குக் கிட்ட வரைக்கும் வருது, அதாலதான் நீலத் திமிங்கிலமே இங்க கரையோரம் வாறது. ஆனா நல்ல காலம் மார்ச், ஏப்ரல். ஓகஸ்டில ஒண்டிரண்டு தெரியலாம், அதை நம்பி மூண்டு நாலு மணித்தியாலம் பிள்ளையளைப் படகில வைச்சிருக்கிறது புத்தியில்லை. அரிசிமலையும் அப்பிடித்தான், புல்மோட்டைப் பக்கம் போய் வரவே அரை நாள் போயிடும்.

சுழியோடி:
புறாத்தீவு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் காசும் ஏமாற்றமும் அதிகம் அங்கேதான்.

செலவு மூன்று துண்டு: ஆளுக்கு நுழைவுச்சீட்டு, குழுவுக்குச் சேவைக் கட்டணமும் வரியும், பிறகு படகு. நுழைவுச்சீட்டு நிலாவெளியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் எடுக்க வேண்டும், கனடாக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டு விலை. படகு ஆளுக்கல்ல, படகுக்குத்தான் கூலி. ஆகவே இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் கூலி பாதியாகும். ஏற முன்பே திரும்பும் நேரத்தைப் பேசுங்கள், காசைத் திரும்பி வந்து கொடுங்கள்.

முதல் படகுகளில் போவதுதான் முழு விஷயமும். காலையில் தண்ணீர் தெளிவு, கூட்டம் குறைவு. பத்து மணிக்குப் பிறகு காற்றும் சனமும் சேர்ந்து மணலைக் கிளப்பிவிடும், முகக் கண்ணாடிக்குள் பால் கலங்கின மாதிரித்தான் தெரியும்.

முகக் கண்ணாடியைக் கனடாவிலிருந்தே கொண்டு வாருங்கள், குறிப்பாகச் சின்னவருக்கு. வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உள்ளிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. தண்ணீர் உள்ளே வருகிறது என்று பிள்ளைகள் அழுவதற்குப் பாதிக் காரணம் ரப்பர் விளிம்புக்குள் மாட்டிய தலைமயிர். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உட்பக்கம் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி அலசினால் போதும். தடாகத்தில் மட்டும் நீந்தின பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம், மிதந்தபடி முகத்தைக் கீழே போட்டாலே எல்லாம் தெரியும்.

கரை முழுக்க செத்த பவளத் துண்டு, வெறுங்காலை அறுக்கும். றப்பர் சப்பாத்து தேவை. தண்ணீருக்குள் களைத்தால் பவளத்தின்மேல் ஏறி நிற்கக் கூடாது. சட்டமும் விடாது, பவளமும் உடைந்துபோகும். சூரியக் களிம்பை அப்புவதை விட நீண்ட கைச் சட்டை நல்லது. செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் தென்படும். துரத்தாமல் விட்டால் அவை தம்பாட்டில் போய்விடும். இதை மகளுக்கு முதலே சொல்லி வையுங்கள், தண்ணீருக்குள் வைத்துச் சொன்னால் கத்துவார்.

அம்மாவைக் கொண்டுபோக வேண்டாம். படகு அணையும் மேடை இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, அலை தூக்கும் நேரம் பார்த்துப் படகு விளிம்பைத் தாண்ட வேண்டும். தீவிலும் நிழலும் இருக்கையும் மிகக் குறைவு.

ஹபரணைச் சந்தி:
சிகிரியாவையும் யானையையும் திருமலை நாளுக்குள் ஏன் போடுகிறீர்கள்? இரண்டும் கொழும்பு வீதியில்தானே இருக்கு. திரும்பிப் போகும்போது ஹபரணையில் ஒரு இரவு தங்கினால் பின்னேரம் யானை, அடுத்த நாள் காலை சிகிரியா. திருமலையிலிருந்து போய் வருவதென்றால் ஒவ்வொன்றுக்கும் நாலு மணித்தியாலம் வானுக்குள்.

யானைக்கு ஓகஸ்ட், செப்டம்பர்தான் காலம். மின்னேரியாக் குளம் வற்றி, வெளிப்பட்ட தரையில் புல் முளைத்தால் கூட்டம் வரும். குளத்தில் தண்ணீரை உயர்த்தி வைத்திருந்தால் புல் மூழ்கி, யானைகள் பக்கத்துக் கவுடுல்ல பூங்காவுக்குப் போய்விடும். அதனால் ‘மின்னேரியா’ என்று முன்கூட்டியே காசு கட்டாமல், அன்று எந்தப் பூங்காவில் நிற்கின்றன என்று ஜீப் ஓட்டுநரிடம் கேட்டுப் போங்கள். மூன்று மணிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். அம்மாவும் வரலாம், ஜீப்பில் ஏற ஒரு சின்ன முக்காலி கேளுங்கள்.

சிகிரியா சுமார் 1200 படி. அம்மாவும் இன்னொருவரும் கீழே நீர்த் தோட்டத்தில் இருக்கட்டும்.

ரொறன்ரோவாசி:
பெரிய உதவி. திமிங்கிலமும் அரிசிமலையும் போச்சு, சிகிரியாவும் யானையும் திரும்புற வழிக்கு. நாங்க புறாத்தீவுக்குப் போற காலமை அம்மாவை மாபிள் பீச்சில விடலாமா?

கொட்டியாரத்தான்:
ரெண்டும் எதிர்த் திசை அண்ணை. நிலாவெளி வடக்கு, மாபிள் பீச் சீனக்குடாப் பக்கம். அண்டைக்கு அம்மா உப்புவெளியிலேயே ஆறட்டும். மாபிள் பீச்சுக்கு வேற ஒரு காலமை எல்லாரும் சேர்ந்து போங்கோ. விமானப்படை பராமரிக்கிற இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. துறைமுகக் குடாவுக்க இருக்கிறபடியால் அலை இல்லாத மாதிரி, அம்மாவும் காலை நனைக்கலாம். சின்னவன் புதுக் கண்ணாடியைப் போட்டு முதல் அங்கதான் பழக வேணும், புறாத்தீவு அதுக்கு அடுத்த நாள். நிலாவெளியால திரும்பி வரேக்க ரோட்டோரம் போர் மயானம் வரும், 1942 ஏப்ரல் 9 யப்பான்காரர் திருமலையில குண்டு போட்ட கதையை மகளுக்குச் சொல்ல அரை மணி நிப்பாட்டுங்கோ. படகுக்கும் ஓட்டோவுக்கும் வங்கி அட்டை எடுக்க மாட்டினம், ஆயிரம் ரூபாத் தாளா மாத்தி வைச்சிருங்கோ.